நடைக்குக் கூலி யார் தருவது?

நடப்பதும் துவிச்சக்கர வண்டி மிதிப்பதும் நாட்டுக்கு இலாபம் என்றொரு சித்தாந்தம் சில ஆண்டுகளாக நம்மிடையே பரவி வருகிறது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறி, அந்த விலைக்கும் அது கிடையாமல் மக்கள் நாட்கணக்கில் நிரப்பு நிலையங்களின் முன் காத்துக் கிடந்தபோது, கொழும்புக் கனவான்கள் பலர் தங்களுக்குக் கால்கள் இருப்பதைப் புதிதாகக் கண்டுபிடித்தனர். காரியாலயத்துக்குச் சைக்கிளில் போவது ஒரு செய்தியாயிற்று. நடந்து போவது ஒரு தத்துவமாயிற்று. அந்த ஆண்டிலும், அதற்கு முந்திய ஆண்டிலும், அதற்கும் முந்திய நூற்றாண்டிலும் நிற்காமல் நடந்துகொண்டேயிருந்த ஒரு ஜனசமூகம் இதே தீவின் நடுவில், ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் நுவரெலியாவிலும் இராகலையிலும் இருக்கிறது. அது செய்தியாகவுமில்லை, தத்துவமாகவுமில்லை.

சித்தாந்தத்தை நாம் ஏளனம் செய்ய வரவில்லை. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்றின்படி, மோட்டார்க் காரில் செல்லும் ஒவ்வொரு கிலோமீற்றரும் சமூகத்துக்கு 11 யூரோ சதம் நட்டம். சைக்கிளில் செல்லும் கிலோமீற்றர் 18 சதம் இலாபம். நடந்து செல்லும் கிலோமீற்றரோ 37 சதம் இலாபம். புகை, இரைச்சல், விபத்து, நெரிசல், வீதியைப் பராமரிக்கும் செலவு, நோயால் இழக்கும் நாட்கள், கூடும் ஆயுள் ஆகிய பலவற்றையும் காசாக்கிக் கண்ட விடை அது. நடையும் சைக்கிளும் எத்தனை உயிர்களைக் காக்கும் என்று கணக்கிட உலக சுகாதார ஸ்தாபனமே ஒரு கருவியைச் செய்து வைத்திருக்கிறது. மோட்டார் வண்டிக்காரன் ஊரெல்லாம் நஞ்சைக் கக்கிவிட்டுப் பெற்றோலின் விலையை மட்டும் செலுத்திப் போகிறான், எஞ்சிய விலையை ஊரார் செலுத்துகின்றனர் என்று அந்தக் கணக்கு கூறுகிறதே, அதில் எமக்கு முழு உடன்பாடு.

எமது கேள்வி வேறு. நடப்பதால் கிலோமீற்றருக்கு 37 சதம் இலாபம் என்றால், அந்த இலாபம் யாருடைய பேரேட்டில் வரவு வைக்கப்படுகிறது?

தோட்டத்துப் பெண் ஒருத்தியின் ஒரு நாளைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து, பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து, ரொட்டி தட்டி வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, அவள் பெரட்டுக் களத்துக்கு நடக்கிறாள். அங்கே பெயர் கொடுத்த பிறகு, கங்காணி காட்டும் மலைக்கு நடக்கிறாள். (தேயிலை நிற்கும் வேலைத்தளத்தை இங்கே மலை என்றே சொல்வர், பெயர் பொருத்தமானது.) பறித்த கொழுந்தை முதுகில் சுமந்து நிறுவைக்காக மடுவத்துக்கு இறங்குகிறாள், மீண்டும் மலைக்கு ஏறுகிறாள். பல தோட்டங்களில் நிறுவை நாளுக்கு மூன்று முறை. மாலையில் கடைசி நிறுவை முடிந்து, பிள்ளையை எடுத்துக்கொண்டு, விறகு கிடைத்தால் அதையும் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறுகிறாள். பெரட்டுக்குப் பிந்தினால் அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பலாம். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும் அளவை எட்டாவிட்டால் அரைப்பேர். நடை மட்டும் எந்தத் துண்டிலும் எழுதப்படுவதில்லை. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கிறதென்று தண்ணீருக்காக நிறையில் கழிக்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் அவளுடைய முதுகு மடுவம் வரை கொண்டுவந்தது. கழித்தவன் அந்தச் சுமைக்கு என்ன கூலி கொடுத்தான்?

அவள் ஒரு நாளில் 6 கிலோமீற்றர் நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது நாம் உதாரணத்துக்கு எடுத்த எண்ணே; தொலைவான மலை விழுந்த நாளில் இதைவிடக் கூடும். ஐரோப்பியர் விலைப்படி 6 கிலோமீற்றர் நடையின் சமூக இலாபம் 2 யூரோ 22 சதம். யூரோவைச் சுமார் 340 ரூபாயாகக் கொண்டால் ஏறத்தாழ 750 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதாவது, நடையைப் போற்றுவோரின் விலையை அப்படியே இங்கே ஒட்டிப் பார்த்தால், அன்றைய சம்பளத்தில் பாதிக்கு மேற்பட்ட ஒரு தொகையை இந்தப் பெண் பறிக்கத் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் கால்களாலேயே உண்டாக்கிவிடுகிறாள். 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,750 ரூபாயாக்கப் போவதாக அறிவித்தது. அதில் 200 ரூபாய் வேலைக்கு வருவதற்கான ஊக்கக் கொடுப்பனவு. வருகைக்கு விலை உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதில் எமக்கு மகிழ்ச்சிதான். வருகிற வழிக்கு மட்டும் இன்னும் விலை காணவில்லை.

இவ்விடத்தில் நிபுணர் ஒருவர் எழுந்து, ‘அந்தக் கணக்கு அப்படியல்ல, அதன் பெரும்பகுதி உடல்நலத்தால் வருவது, நடப்பவளுக்கே அந்த நன்மை சேர்ந்துவிடுகிறது’ என்பார். சேர்கிறதா? நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருப்பவன் மாலையில் நடந்தால் ஆயுள் கூடும் என்பது மெய். ஓய்வு நேரத்து உடலசைவு தருகிற நன்மையை, கூலிக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பு அவ்வாறு தருவதில்லை என்று டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகின்றனர். நடை ஒன்றுதான், தட்டிலே சோறு இருக்கிறதா, முதுகிலே பாரம் இருக்கிறதா, களைத்தபோது நிற்க உரிமை இருக்கிறதா என்பனதான் வேறு. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார அளவீடு, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருக்க, தோட்டப்புறத்தில் அது 32 வீதத்தை அண்டியதாகக் கூறிற்று. அந்தக் குழந்தைகளைப் பெற்ற உடலிடம், அட்டை கடிக்கும் பாதையிலே, குளவிக் கூட்டுக்கும் சிறுத்தைக்கும் அஞ்சி நடக்கும் உடலிடம், உடற்பயிற்சியின் பலனைப் பற்றி யார் பேசுவது?

இந்தக் கணக்கு இன்று பிழைத்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியபோது, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர் பலர். அந்தப் பயணத்துக்கான செலவைத் தோட்டம் ஏற்றதா? கங்காணி முன்பணமாகக் கொடுத்து நடந்தவன் தலையிலேயே கடனாக எழுதினான். ஆகவே கண்டிச் சீமைக்கு வந்து சேர்ந்த முதல் நாளிலேயே மனிதன் தன் நடைக்குத் தானே கடனாளியாயிருந்தான். அந்தக் கடனைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு அவன் போக முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 2023இல், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்களே, அந்த நடையை வெறும் சடங்கு என்று சொன்ன நண்பர்களுக்கு இந்தக் கடன் ஏட்டை நினைவூட்ட விரும்புகிறோம்.

மனிதன் நடந்த அதே மலைகளில் சரக்கு எப்படிப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. பாறையைக் குடைந்து, பள்ளத்தின்மேல் பாலம் கட்டி, உலகமே வியக்கும் பாதையை அமைத்தார்கள். கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்க அது வேண்டியிருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குக்கூட ஒரு குறுகிய பாதை போட்டு 1940கள் வரை ஓட்டினார்கள். தோட்டத்துக்குள்ளேயும், உயர்ந்த மலையில் பறித்த கொழுந்து வாடாமல் ஸ்டோருக்கு இறங்க வேண்டுமென்று கம்பி கட்டி மூட்டைகளை அந்தரத்தில் ஓடவிட்ட தோட்டங்கள் உண்டு. கொழுந்து கம்பியில் பறந்தது. பறித்தவள் கீழே குறுக்குப் பாதையில் இறங்கினாள். மலையிலே போக்குவரத்துச் செய்ய இயலாது, செலவு கட்டாது என்று எவரேனும் சொன்னால், அந்தக் கம்பியைக் காட்டுங்கள். கொழுந்து பிந்தினால் நட்டம் தோட்டத்துக்கு, ஆகவே அதற்கு வாகனம் வந்தது. மனிதர் பிந்தினால் நட்டம் மனிதருக்கே அன்றோ!

கரத்தை ரோட்டுக்கு அப்பால் உள்ள வழிகள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் அது இன்னொரு கதை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாதபடி தடுத்து வைத்திருந்தது. நாட்டின் பிற கிராமத்தவன் தன் வீட்டு வாசல் ஒழுங்கைக்குச் சபையிடம் கல் கேட்கலாம். லயத்துக்காரன் கேட்க முடியாது. வாக்கு மட்டும் சபைக்குப் போடலாம். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளின் பள்ளங்களை ஒரு திருத்தம் நிரப்பிவிடாது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பெருந்தெருக்களும் ரயில் பாதையும் அறுந்ததை உலகம் அறிந்தது. லயத்திலிருந்து மடுவத்துக்கும் பள்ளிக்கும் போகும் ஒற்றையடிப் பாதைகள் எத்தனை வழுகிப் போயின என்பதற்குக் கணக்குக் கொடுக்க யாருமில்லை, அவை எந்தப் பட்டியலிலும் வீதியாக இருந்ததில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இது எமது சொந்தப் பாவமும் கலந்த விஷயம். தோட்டப் பாடசாலைகள் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும்; மேலே படிக்க வேண்டுமானால் நகரத்துக்கோ பெரிய பாடசாலைக்கோ நடக்க வேண்டும். மேற்பிரிவுகளிலிருந்து வரும் பிள்ளைகள் மழைநாளில் முதற்பாடம் முடிந்த பின்னரே நனைந்த சப்பாத்துகளோடு வந்து நிற்பர். நாம் ஆசிரியரான புதிதில் கையில் பிரம்போடு வாயிலில் நின்றவர்கள்தாம். பிந்தி வருவோரை வெளியே நிறுத்துவது ஒழுக்கப் பயிற்சி என்று எமக்குச் சொல்லப்பட்டது, நாமும் நம்பினோம். பெரட்டுக் களத்தில் தாய்க்கு நடந்தது பாடசாலை வாயிலில் மகளுக்கு நடந்தது. பல்கலைக்கழகத்தில் கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த நடையை இரண்டு பருவம் படித்துத் தேறி, அவளுடைய பாதம் நொந்ததற்காக உருகி எழுதிய நாம், எங்கள் வகுப்பிலே முதற்பாடத்தில் வெறுமையாயிருந்த நான்கு ஆசனங்களுக்கும் ஒரு மலைக்கும் உள்ள தொடர்பைக் காண மூன்று ஆண்டுகள் சென்றன. அந்த நான்கு ஆசனங்களில் இரண்டு பத்தாம் வகுப்போடு நிரந்தரமாக வெறுமையாயின. இருவரும் பெண்கள்.

தூரம்தான் பள்ளியைக் காலியாக்குகிறது என்பதற்கு வெளியிலும் சான்று உண்டு. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதனை ஆராய்ந்தபோது, உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகவும், ஆண்-பெண் இடைவெளி 40 வீதம் குறைந்ததாகவும், பள்ளி தொலைவாயிருந்த ஊர்களிலேயே பலன் மிகுந்ததாகவும் கண்டனர். அதற்கும் முன்னே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் ஏறினர். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. தண்ணீரும் விளைபொருளும் பிள்ளையும் ஒரே வண்டியில் ஏறின. எமது முன்னோர் பலர் கப்பலேறி வந்த அதே தென்மாவட்டங்களின் அயலிலே நடந்த காரியம் இது.

ஆனால் புதுக்கோட்டை சமவெளி. யாழ்ப்பாணமும் சமவெளி, அங்கே சைக்கிள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். நுவரெலியாவோ கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் உயர்ந்தது. இங்கே சாதாரணச் சைக்கிள் இறக்கத்தில் வாகனம், ஏற்றத்தில் சுமை. இதனாலேயே மலையகத்துப் பேச்சில் சைக்கிள் வந்ததில்லை; முச்சக்கர வண்டியும் பஸ்ஸுமே வந்தன. இரவில் பிரசவ வலி கண்டால் முச்சக்கர வண்டிக்குக் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் லயம் வரை அது ஏறாது, பெரிய ரோடு வரை கம்பளியில் தூக்கி வர வேண்டும்.

மின்சாரத்தால் இயங்கும் சிறு வண்டிகளைப் பற்றி நாம் சொல்ல வருவது இங்கேதான். கொழும்பின் தட்டையான தெருக்களில் அவை வசதி; மலையிலே அவை விடுதலையின் ஒரு பகுதியாக முடியும். ஆளும் மூட்டையுமாக 100 கிலோவை 300 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டிய சக்தி, பௌதிகக் கணக்கின்படி ஓர் அலகு மின்சாரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கே. வண்டியின் சொந்தப் பாரம், மோட்டாரின் விரயம், பாதையின் உராய்வு யாவற்றுக்குமாக இதை ஐந்து மடங்காக்கினாலும் அரை அலகைத் தொடாது. ஒரு பெண்ணின் முழங்காலைத் தேய்க்கும் ஏற்றத்தின் விலை அவ்வளவுதான்! அந்த மின்சாரமும் எங்கிருந்து வருகிறது? லக்சபானவும் நோர்ட்டனும் எங்கள் மலைகளின் நீரால் இயங்குகின்றன. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் அணை கட்டித் தேயிலைப் பள்ளத்தாக்குகள் மூழ்கடிக்கப்பட்டன. பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. மலையின் நீர் கீழே இறங்கித் தலைநகரின் மின்தூக்கியை மேலே ஏற்றுகிறது. மலையின் மனிதர் கூடையோடு தாமே ஏறுகின்றனர்.

வண்டி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கெட்டியான பாதையின்றி அந்தச் சக்கரம் ஓடாது. மின்கலத்துக்கு ஆயுள் குறைவு, விலை அதிகம். தனி ஒரு நாட்கூலியாளால் வாங்க இயலாது. மின்னொழுக்கால் லயங்கள் வரிசையாக எரிந்த கதைகள் நாம் அறிந்தவை. பழுதான கம்பிகள் ஓடும் பத்தடி அறைக்குள் மின்கலத்தை ஏற்ற வைப்பது புத்தியல்ல. மடுவத்திலும் ஸ்டோரிலும் பாடசாலையிலும் அதற்கு இடம் வேண்டும். ஆனால் இவையெல்லாம் பொறியியலாளர் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். அவர் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்றுண்டு: வண்டி மிச்சப்படுத்தும் நேரம் யாருடையது?

கம்பனி வண்டியை வாங்கி மலைக்கும் மடுவத்துக்கும் ஓடவிட்டது என்று கொள்வோம். நடை ஒன்றரை மணி நேரம் குறையும். மறு மாதமே 20 கிலோ 24 ஆகும். ‘நடை மிச்சமாயிற்றே, இன்னும் நாலு கிலோ எடுத்தால் என்ன’ என்பார் துரை. உற்பத்தித்திறன் என்று அதற்கு அழகான பெயரும் சூட்டுவார்கள். நடையைக் கூலியில் சேர்க்காத வரையில், நடையைக் குறைப்பதன் இலாபமும் கூலிக்குள் வராது. ஆகையால்தான், நடையை வேலை நேரமாக எழுது என்ற கோரிக்கை முதலில் வர வேண்டும் என்கிறோம். பெரட்டில் பெயர் கொடுத்த கணத்திலிருந்து கடைசி நிறுவை முடியும் வரை உள்ள ஒவ்வோர் அடியும் வேலை. அதை ஒப்புக்கொண்ட பிறகு பாருங்கள், மடுவத்தை மலைக்கு அருகில் கட்டுவதும், படி வெட்டுவதும், வண்டி வாங்குவதும் எவ்வளவு சீக்கிரம் இலாபகரமாகத் தோன்றும் என்று! வண்டிகளும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். காலையில் பிள்ளைகளையும், பகலில் கொழுந்தையும், இரவில் நோயாளியையும் ஏற்றும் உரிமை சங்கத்தின் கையில் இருக்க வேண்டும்.

எமது தோழர்கள் சிலர், காணியும் வீடும் கேட்கிற காலத்தில் நடையைப் பற்றி எழுதுவது சில்லறைக் காரியம் என்கின்றனர். காணி எங்கே கொடுக்கப்படுகிறது என்பதே நடையின் கேள்விதான். பாதையில்லாத உச்சியில் ஏழு பேர்ச் நிலம் தந்து வீடு கட்டினால், அந்த வீட்டுக்கு ஒவ்வொரு சீமெந்து மூட்டையும் யாருடைய தலையில் ஏறும்? வேறு சிலர், பனியிலே வரிசையாக மலையேறும் பெண்களின் காட்சியைக் கவிதையில் வைத்து உழைப்பின் எழில் என்கின்றனர். சுற்றுலா அட்டைக்காரனும் அதே காட்சியைத்தான் விற்கிறான் என்பதை அவர்களுக்குப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

பத்தாம் வகுப்பு மாணவருடன் இந்தத் தவணையில் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் லயத்திலிருந்து பெரட்டுக் களம், மடுவம், பிள்ளைக்காம்பரா, மருந்தகம், பாடசாலை ஆகியவற்றுக்கு உள்ள தூரத்தையும் ஏற்றத்தையும் கைத்தொலைபேசியால் அளந்து, தாயோடு ஒரு நாள் உடன் நடந்து நேரத்தையும் குறித்து வர வேண்டும். கணித ஆசிரியர் உதவுகிறார். இதுவரை பதினொரு பேர் குறித்து வந்திருக்கிறார்கள். ஒரு மாணவி நேரப் பத்தியின் கீழ், அம்மா இடையில் மூன்று இடங்களில் நின்றாள், அதையும் சேர்ப்பதா, கழிப்பதா என்று கேட்டு எழுதியிருந்தாள். சேர்க்கச் சொன்னோம். பட்டியல் முடிந்ததும் தொழிற்சங்கங்கள் அனைத்துக்கும் பிரதி போகும், அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன்னதாக.